எட்டாம் கூண்டுக் குருவி

கோயம்புத்தூர்
3 ஜூன் 2024

பாண்டியன் அவர்களுக்கு,

‘அவர்களுக்கு’ என்று பார்த்ததும் உங்கள் முகம் சுருங்கும். சுருங்கட்டும். போனைச் சுவரில் அடித்து உடைத்த மனிதருக்கு ‘அன்புள்ள மாமா’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் அக்கா சுசீலா அண்ணியின் போனில் கூப்பிடலாம்தான். ஆனால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உங்களிடம் நீட்டுவார். நம் வீட்டுப் பேச்சு லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சேரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்ச்சில் உங்களிடம் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது தப்புதான். சொல்லியிருந்தால் ஏற விட்டிருக்க மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. இதற்கு மேல் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது.

இப்போது விஷயத்தைச் சொல்கிறேன். மார்ச் மாதத்திலிருந்து கீர்த்தனாவுக்கு இரண்டு காதிலும் கருவி மாட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதம் முடிந்தது. பலன் இல்லை. தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதுக்குள் மெஷின் வைக்கும் ஆபரேஷன் ஒன்றுதான் வழி. அதுவும் சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். நம் பிள்ளைக்கு மூன்று வயது ஒன்பது மாதம். இப்போதே தாமதம் என்கிறார்கள்.

காப்பீட்டில் செய்கிறார்கள். அதற்கு ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் வேண்டும். இரண்டும் உங்கள் பெட்டியில் இருக்கின்றன. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை 25-க்குள் எல்லாம் கொடுத்தால் ஆகஸ்டில் ஆபரேஷன். தவறினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம்.

நான் உக்கடம் பக்கம் ஒரு அறையில் இருக்கிறேன். காலையில் கீர்த்தனாவைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். மதியத்துக்கு மேல் ஒரு காலேஜில், ஆராய்ச்சிக்கு வளர்க்கும் பிராணிகளின் அறையைச் சுத்தம் செய்யும் வேலை. பிள்ளையும் கூட இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

கையெழுத்துப் போட வாருங்கள்.

ரேணுகா


நெல்லியாளம்
11 ஜூன் 2024

ரேணுகாவுக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் கொடுக்கும்போதே அக்கா வந்து நின்றுவிட்டாள். படிக்கக் கொடுக்கவில்லை. அந்த மட்டில் உனக்கு நிம்மதி.

என் பிள்ளைக்குக் காது கேட்கும். எந்த டாக்டருக்கும் எந்த வயருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். ஆறரைக்கு டீ ஃபேக்டரி சங்கு ஊதியதும் அவள் பாயிலிருந்து விருட்டென்று எழுவாள். ஒரு நாள் அல்ல, தினமும். நீ அந்நேரம் பெரட்டுக்குப் போய்க் கங்காணி முன்னால் பேர் கொடுத்துக்கொண்டு நிற்பாய். பார்க்கிறவன் நான். சங்குக்கு எழுகிற பிள்ளைக்கா காது கேட்காது?

பேச்சு வரவில்லை என்பதுதான் குறை. அக்கா சொல்கிறாள்: “நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் வாய் லேட்டாத்தான் தொறக்கும். நீயே நாலு வயசுலதான்டா பேசுன.” நான் இப்போது பேசாமலா இருக்கிறேன்? ஓடைப் பாலத்துக்கடியில் சீட்டியடிக்குமே கருநீலக் குருவி, அதற்கு யார் வாத்தியார் வைத்தார்கள்? மழை தொடங்கியதும் தானாகப் பாடுகிறது. இன்று காலையும் பாடியது. பிள்ளைக்கும் நேரம் வந்தால் தானாக வரும்.

அவள் இங்கே இருந்தவரை நான் தினமும் அவளிடம் பேசினேன், கதை சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துதான் இருக்கும்.

கையெழுத்துப் போடமாட்டேன். கார்டு பெட்டியில் இருக்கிறது. பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்.

அங்கே வெயில் எப்படி? அவளுக்கு வேர்க்குரு வரும். பவுடர் போடு.

பாண்டியன்


கோயம்புத்தூர்
16 ஜூன் 2024

பாண்டியன் அவர்களுக்கு,

பவுடர் போட்டாயிற்று. வேர்க்குரு இல்லை.

குருவிக்கு யார் வாத்தியார் என்று கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள், இவளுக்கு என்ன தெரியும் என்ற தைரியம்தானே? கேட்ட இடத்தில் சரியாக மாட்டிக்கொண்டீர்கள் மாமா. (கை பழக்கதோஷத்தில் ‘மாமா’ என்று எழுதிவிட்டது. அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.) நான் வேலை செய்கிற இடத்தில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் வெள்ளை எலிகள். இன்னொன்றில் ஃபின்ச் என்ற சிட்டுக் குருவிகள், சிவப்பு மூக்கு, விரல் நீளம்தான் இருக்கும். அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வியே பாட்டு எப்படி வருகிறது என்பதுதான். ஆராய்ச்சி செய்கிற பெண் பெயர் கெஸியா. என்னை அக்கா என்று கூப்பிடுகிறது. அது சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எலி பாடும். சிரிக்காதீர்கள். ஆண் எலி பெண் எலியைப் பார்த்தால் பாடுகிறது. நம் காதுக்கு எட்டாத அளவுக்கு மெல்லிய, உச்சமான சத்தம். ஒரு மைக் வைத்தால் கம்ப்யூட்டரில் கோடு கோடாக ஓடுகிறது. “அக்கா, இதுங்க நாள் பூரா பாடுதுங்க, நமக்குத்தான் கேட்கறதில்ல” என்று கெஸியா சொல்லும். மூன்றாவது அடுக்கில் இருக்கிற எலிகள் பிறவியிலேயே காது கேளாதவை. அவையும் பாடுகின்றன. கேட்கிற எலியின் கோட்டையும் கேளாத எலியின் கோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எலிக்குப் பாட்டு உடம்போடு வருகிறது, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குருவி அப்படி இல்லை. குஞ்சு முதலில் வாயைத் திறக்காமல் கேட்கிறது. யாரைக் கேட்கிறது தெரியுமா? அப்பனை. அப்பன் பாடுவதை நாள்கணக்கில் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, பிறகு உளறி உளறிப் பழகி, அதே பாட்டைப் பிடிக்கிறது. எல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள். எட்டாம் கூண்டில் ஒரு குருவி இருக்கிறது. அதை அப்பன் குரலே கேட்காத அறையில் வளர்த்திருக்கிறார்கள். அதன் பாட்டு கதவுக் கீல் துருப்பிடித்த சத்தம். மூன்று மாதம் கழித்து அப்பனோடு விட்டார்கள். பெரிதாக மாறவில்லை. மற்ற குருவிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் அதற்குக் கொஞ்சம் தினை கூடுதலாக வைக்கிறேன்.

ஓடைக் குருவியும் இந்தச் சாதிதான். அதன் அப்பன் பாடக் கேட்டுத்தான் அது பாடும். தானாக வருவது எலிக்குத்தான். நம் பிள்ளை எலி இல்லை. காத்திருந்தால் வராது. அவள் குருவி. கேட்டால்தான் வரும், அதுவும் காலத்துக்குள் கேட்டால்.

ஜூலை 25.

ரேணுகா


நெல்லியாளம்
24 ஜூன் 2024

ரேணுகாவுக்கு,

பெற்ற பிள்ளையை எலியோடும் குருவியோடும் தராசில் வைத்து நிறுத்த ஒருத்தி உண்டென்றால் அது நீதான். படித்த பெண் ஏதோ சொன்னதாம், இவள் எழுதிவிட்டாளாம்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. எலி பாடுகிறது, ஆனால் யார் காதிலும் விழாது, மெஷின்தான் சொல்லும் என்கிறாய். அதை நம்புகிறாய். என் பிள்ளை சங்குக்கு எழுகிறாள், அதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்கிறேன். அதை நம்பமாட்டாய். எலிக்கு உள்ள மரியாதை புருஷனுக்கு இல்லை.

நம் லயத்திலும் எலிக்குக் குறைவில்லை. நேற்று உன் புதுச் சேலையின் முந்தானையைக் கடித்து வைத்திருக்கிறது. பாடிக்கொண்டே கடித்ததா என்று உன் கெஸியாவிடம் கேட்டுச் சொல்.

இன்னொன்றும் கேள். எலிக்குக் கை இருக்கிறதா? குருவிக்குக் கை இருக்கிறதா? என் மகளுக்கு இருக்கிறது. டீ வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயில் சாய்ப்பாள். அத்தையைக் கேட்டால் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டுவாள். ஓடைக்குப் போகலாம் என்றால் இரண்டு விரலை உதட்டில் வைத்துச் சீட்டியடிப்பது போலக் காட்டுவாள். இதெல்லாம் நானும் அவளும் உண்டாக்கினது. பேச்சு இல்லாமலா இருக்கிறாள்? நீதான் அதைப் பேச்சென்று எண்ணவில்லை.

மழை விடவில்லை. ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்தும் டிரையர் பக்கத்தில் நிற்பதால் எனக்குக் குளிரில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. அக்கா சாப்பாடு கொடுத்துவிடுகிறாள், கூடவே உன்னைத் திட்டியும் கொடுத்துவிடுகிறாள்.

தலையை அறுப்பார்களாமே. ஃபேக்டரியில் மெஷின் ஓட்டும் ஷிஜோ போனில் வீடியோ காட்டினான். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைகிறார்கள். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவளுக்கு உச்சியில் எண்ணெய் வைக்கக்கூட நான் விரல் நுனியால்தான் தொடுவேன். அந்தத் தலையைக் குடைய நான் என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

மாட்டேன்.

பாண்டியன்


கோயம்புத்தூர்
1 ஜூலை 2024

மாமாவுக்கு,

பயம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நான் இத்தனை முறைக்காமல் இருந்திருப்பேன். எனக்கும் பயம்தான். வீடியோவை நானும் பார்த்தேன், முழுசாகப் பார்த்தேன். பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வந்து கீர்த்தனாவுக்குத் தலை பின்னினேன்.

கை விஷயம் நீங்கள் எழுதியது சரி. நான் அதைச் சரியாக மதிக்கவில்லை. பயிற்சி டீச்சரிடம் அந்தச் சைகைகளைச் செய்து காட்டினேன். “இத விட்டுடாதீங்க, இது அவளோட மொழி” என்றார்கள். கெஸியாவிடமும் சொன்னேன். அது தலையை ஆட்டிவிட்டு, “மனுசப் பிள்ளைய எலியோடயும் குருவியோடயும் கொஞ்ச தூரம்தான் ஒப்பிட முடியும்க்கா. பாண்டியண்ணன் சொல்றதுதான் பெரிய வித்தியாசம்” என்றது. உங்களுக்கு ஒரு வெற்றி. வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சைகை நம் மூன்று பேருக்குத்தான் தெரியும் மாமா. லயத்தில் வேறு யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் யாருக்குத் தெரியும்? பின்னால் லாரி வந்தால் அது கையைக் காட்டியா வரும்?

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். தினை டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கீர்த்தனா குருவிக் கூண்டுக்கு முன்னால் நிற்கிறாள். உள்ளே ஒரு ஆண் குருவி பாடிக்கொண்டிருக்கிறது. அது மூக்கைத் திறக்கும்போது இவள் வாயைத் திறக்கிறாள். அது மூடினால் மூடுகிறாள். தொண்டையைக் கூட அதுபோல உப்பிக் காட்டுகிறாள். சத்தம் இல்லை. அவளைப் பொறுத்தவரை பாட்டு என்றால் அதுதான், வாயைத் திறந்து மூடுவது. நான் டப்பாவைக் கீழே போட்டேன். தகரச் சத்தத்தில் நாற்பது குருவியும் பறந்து மோதின. அவள் மட்டும் திரும்பவில்லை. குருவிகள் ஏன் பறக்கின்றன என்று ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அவளுக்குத் தன் பெயர் தெரியாது மாமா. கீர்த்தனா என்று நீங்கள்தான் ஆசையாக வைத்தீர்கள். அந்தப் பெயரை இன்றுவரை கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

சங்கைப் பற்றி டெஸ்ட் எடுப்பவரிடம் கேட்டேன், உங்களுக்காகத்தான் கேட்டேன். அவர் ஒரே கேள்வி திருப்பிக் கேட்டார்: “சங்கு ஊதற அதே நேரத்துல வேற என்ன நடக்குதுங்க?” அந்நேரம் நான் பெரட்டில் நிற்பேன். வீட்டில் இருப்பது நீங்கள்தான்.

நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள்
ரேணுகா

பி.கு. முந்தானையைக் கடித்த எலி பாடியிருக்காது என்கிறது கெஸியா. வாயில் துணி இருந்தால் எப்படிப் பாடும்?


நெல்லியாளம்
15 ஜூலை 2024

ரேணு,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. ஒரு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை.

வேறென்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை, சங்குதான் ஊதுகிறது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது கை நின்றுவிட்டது. இருபது வருடமாக ஃபேக்டரியில் வேலை செய்கிறவன் நான். ஆறரைக்குச் சங்கு ஊதுவது யார்? ஷிஜோ. சங்குச் சுவிட்சைப் போட்ட கையோடு அவன் என்ன செய்கிறான்? கொழுந்தை உருட்டும் ரோலரைப் போடுகிறான். தினமும், ஒரே மூச்சில். அது எனக்குத் தெரியும். தெரிந்ததை யோசிக்கவில்லை.

அன்றிரவே இன்ஜின் அறைக்குப் போடுகிற காது மூடியை வாங்கி வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை காதுக்குள் பஞ்சு வைத்து, மேலே அதையும் மாட்டிக்கொண்டேன். அக்கா வந்து ஏதோ சொன்னாள். வாய்தான் அசைந்தது, என்ன திட்டினாள் என்று தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நன்றாக இருந்தது. கீர்த்தனாவின் பாயை, அவள் படுக்கிற அதே சுவரோரம் விரித்து, அவளைப் போலவே கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்குத் தரை உதறியது. கன்னத்தில் அடித்தது போல இருந்தது. விலாவில், பல்லில் எல்லாம் ஏறியது. சங்கு என் காதில் விழவே இல்லை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், அவள் எழுவது போலவே விருட்டென்று.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. ஷிஜோவிடம் போய், நாளை சங்கை மட்டும் ஊது, ரோலரைப் பத்து நிமிடம் கழித்துப் போடு என்றேன். “எந்தா பாண்டியண்ணா, பிராந்தா?” என்றான், எனக்குப் பைத்தியமா என்று. காரணத்தைச் சொன்னேன். மேனேஜருக்குத் தெரியாமல் செய்தான். புதன்கிழமை ஆறரை ஆனது, ஆறு முப்பத்தைந்து ஆனது. தரை செத்துக் கிடந்தது. வாசலில் ஜனம் போவது தெரிந்தது, சங்கு ஊதிவிட்டதென்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு நாற்பதுக்குத் தரை உதறியது.

போன வருடம் மழைக்காலத்தில் ரோலர் மோட்டார் எரிந்து ஒரு வாரம் கிடந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் முழுவதும் அவள் எட்டு மணிவரை தூங்கினாள். சங்கு ஒரு நாள் தவறாமல் ஊதியது. உடம்பு சரியில்லை என்று நினைத்து நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஏழு நாள் கஷாயம், பாவம், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

ரேணு, நான் அவளிடம் எத்தனை கதை சொல்லியிருக்கிறேன். ஓடைக்கரையில் மடியில் வைத்துக்கொண்டு சீட்டியடித்துக் காட்டியிருக்கிறேன். நான் சீட்டியடிக்கும்போது அவளும் உதட்டைக் குவிப்பாள். வெட்கத்தில் மெதுவாக அடிக்கிறாள் போல என்று நினைத்துக் காதை அவள் வாயருகே கொண்டு போவேன். காற்று மட்டும் வரும். உன் கடிதத்தில் கூண்டு முன்னால் அவள் நின்றதைப் படித்ததும் அந்தக் காற்று என் காதில் பட்டது. டிரையர் பக்கத்தில் நின்று அழுதேன். சூட்டில் கண் கலங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

நான் சொன்னது ஒன்றும் அவளுக்குள் போகவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை நாள் முடியவில்லை. ஆபரேஷன் பயம் அதற்கு அடுத்ததுதான்.

கையெழுத்துப் போடுகிறேன். பெட்டியைத் திறந்து கார்டு இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துவிட்டேன். அக்கா வாசலை மறித்து நின்றாள். “பொம்பளப் புள்ள தலையில கத்தி வைக்கப் போறீயா?” என்றாள். காது மூடியை அவள் காதில் மாட்டி, ஆறரைக்கு அந்தப் பாயில் படுக்க வைத்தேன். எழுந்து உட்கார்ந்தவள் தரையில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, “வழிக்குச் சோறு கட்டித் தரேன்” என்றாள்.

சனிக்கிழமை புறப்படுகிறேன். கூடலூருக்கு மேலே மண் சரிந்து ஊட்டி ரோடு எப்போது திறக்குமோ தெரியாது. திறக்காவிட்டால் நாடுகாணி இறங்கி, நிலம்பூர் போய், பாலக்காடு சுற்றி வருவேன். அதுவும் அடைத்தால் நடப்பேன். இந்தக் கடிதம் முந்துகிறதா நான் முந்துகிறேனா பார்ப்போம்.

எட்டாம் கூண்டுக் குருவியை எனக்குக் காட்டு.

பாண்டியன்


கோயம்புத்தூர்
26 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது. காதுக்குப் பின்னால் தையல் நன்றாக ஆறிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரியில் விரல் நுனியால் தடவிப் பார்த்த இடத்தில் இப்போது முடி முளைத்திருக்கிறது.

போன வாரம் புதன்கிழமை, எட்டு நாளைக்கு முன் மெஷினை ஓட விட்டார்கள். நீங்கள் இல்லையே என்று இருந்தது. கொழுந்துக் காலத்தில் லீவு தரமாட்டார்கள், தெரியும். ஆனால் நீங்கள் வராததும் ஒருவிதத்தில் நல்லதுதான். சந்தோஷப்படுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவள் பயந்து வீறிட்டு அழுதாள். வெளியே மாட்டுகிற வட்டத்தைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி மாட்டினேன், மறுபடி எறிந்தாள். அன்றைக்கு இருபது முறை இருக்கும். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்கள்: “இது கண்ணாடி மாதிரி போட்டதும் தெரியறது இல்லீங்க. மூளை பழகணும். வருசக்கணக்குல உழைக்கணும்.” உழைக்கத்தானே வந்திருக்கிறோம்.

ஏழு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தட்டைத் தட்டினேன். திரும்பவில்லை. எனக்கே மனம் தளர்ந்தது, உங்களிடம் மறைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் குருவி அறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீர்த்தனா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கெஸியாவின் மேஜையடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். மற்ற குருவிகள் எல்லாம் அடங்கியிருந்த நேரம். எட்டாம் கூண்டுக் குருவி தன் துருப்பிடித்த பாட்டை ஆரம்பித்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, கேட்டுவிட்டு நீங்களே “ஐயோ பாவம்” என்றீர்கள்.

அவள் கையிலிருந்த பொம்மை நின்றது. தலையை நிமிர்த்தினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். எழுந்து நேராக அந்தக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். அந்த அறையில் ரோலரும் இல்லை, தரை உதறவும் இல்லை. கெஸியா வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. குருவி நிறுத்திவிட்டது. கீர்த்தனா என் பக்கம் திரும்பி, இரண்டு விரலை உதட்டில் வைத்தாள், நீங்கள் கற்றுக் கொடுத்தது போல. பிறகு கூண்டைக் காட்டினாள். மறுபடி பாடச் சொல்கிறாள்.

யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் குருவிக்கு நேற்று ஒரு பிடி தினை வைத்தேன்.

இனிமேல் வேலை இருக்கிறது. டீச்சர் ஒன்று சொன்னார்கள். வீட்டில் ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தினமும் நூறு முறையாவது, சரியான இடத்தில் சரியான நேரத்தில் அவளுக்குச் சொல்ல வேண்டுமாம். கூடவே கையையும் காட்டலாமாம். எல்லோரும் அம்மா என்றோ அப்பா என்றோ வைத்துக்கொள்கிறார்கள். அம்மா என்று நான் வைத்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், அப்பா என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள். குருவிக் குஞ்சு அப்பனிடம்தானே கற்கிறது.

உங்கள்
ரேணு


நெல்லியாளம்
3 அக்டோபர் 2024

ரேணு,

கடிதத்தை ஃபேக்டரி வாசலில் நின்று படித்தேன். ஷிஜோ கேட்டான், சத்தமாகப் படித்தேன். அக்காவுக்கும் படித்தேன். லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியட்டும்.

தீபாவளிக்குக் கூட்டி வருகிறாய் அல்லவா. அவள் இங்கே இருக்கும் நாட்களில் சங்குக்கும் ரோலருக்கும் நடுவில் பத்து நிமிடம் விட மேனேஜரிடமே கேட்டுவிட்டேன். இந்த முறை ஒளிவு மறைவு இல்லை. முதலில் முடியாது என்றார். காது மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆபீஸ் தரையில் படுக்கச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து சரி என்றுவிட்டார். முதல் நாளே எழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதம் ஆகட்டும், ஒரு வருடம் ஆகட்டும். நான் பாயோரம் உட்கார்ந்திருப்பேன்.

சொன்ன கதைகளை எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். இப்போதே ஓடைக்கரையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன், வார்த்தையை விழுங்காமல், நிறுத்தி நிறுத்தி. கருநீலக் குருவி பாலத்துக்கடியிலிருந்து பார்க்கிறது. மழை முடிவதால் அது இப்போது குறைவாகத்தான் பாடுகிறது. பரவாயில்லை, அடுத்த மழைக்கு அவளும் கேட்பாள்.

புதுப் போன் வாங்கிவிட்டேன். நம்பர் பின்னால் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கடிதத்தை நிறுத்தாதே. போனில் நீ பேச விடமாட்டாய்.

முதல் வார்த்தை கேட்டிருந்தாய். மூன்று நாள் யோசித்தேன். அம்மா வேண்டாம், அப்பாவும் வேண்டாம், அவை எப்படியும் வந்துவிடும். பிடிக்காத கஷாயத்தை ஏழு நாள் குடித்தவள் அவள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. உனக்கு இருந்தது. ‘வரமாட்டேன், விடமாட்டேன்’ என்று நீ நாலு மாதம் நின்றாய். நான் சொன்ன மாட்டேனை விட நீ சொன்ன மாட்டேன் பெரிது. அதனால்தான் இன்று ஒரு குருவி பாடினால் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

முதலில் ‘மாட்டேன்’ என்று சொல்லக் கற்றுக் கொடு. உன் குரலிலேயே கற்றுக் கொடு. தீபாவளிக்கு வரும்போது நான் அவளுக்குக் கஷாயம் கலக்கி வைக்கிறேன்.

உன்
பாண்டியன்